மருந்துக்கு அடங்காத கிருமிகளும் நமது கடமையும்

கிருமிகள் மருந்துக்கு அடங்காமற் போவதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் மருத்துவர்களையும் மருந்துக் கடைக்காரர்களையும் மட்டுமே குறை கூறுவது வழக்கமாகிவிட்டது. அவர்கள் பொறுப்பு பெரிதே. ஆயினும் இப்பிரச்சினை மருத்துவமனைச் சுவர்களுக்குள் அடங்கியதன்று. அதைத் தீர்க்கும் பணியும் அங்கேயே முடிந்துவிடாது.

பாக்டீரியா மருந்தை எதிர்க்கும் ஆற்றல் அதன் ஜீன்களில் உள்ளது. இந்த ஜீன்கள் பரம்பரையாக மட்டுமே பரவுவன அல்ல. பல சமயங்களில் அவை பிளாஸ்மிட் எனப்படும் சிறு டி.என்.ஏ. வளையங்களில் அமைந்துள்ளன. இரு பாக்டீரியாக்கள் இணையும்போது ஒன்றிலுள்ள வளையத்தின் நகல் மற்றொன்றை அடைகிறது. இரண்டும் ஒரே இனமாயிருக்க வேண்டுவதில்லை. சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லாவுக்கும் குடலில் வாழும் ஈ. கோலிக்கும் இடையே எதிர்ப்பாற்றல் இவ்வாறு கைமாறுவதை 1959-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் எடுத்துக்காட்டினர்.

2008-இல் சுவீடனில் ஒரு நோயாளியிடம் இதன் கடுமையான வடிவம் வெளிப்பட்டது. அவர் அதற்குமுன் புதுதில்லியில் மருத்துவமனைச் சிகிச்சை பெற்றவர். அவரது சிறுநீரிலிருந்த கிளெப்சியெல்லா நிமோனியே என்னும் பாக்டீரியா, பிற மருந்துகள் பலிக்காதபோது கையாளும் கார்பாபெனம் மருந்துகளையும் சிதைக்கும் நொதியை உண்டாக்கிற்று. அதே ஜீன் அவர் மலத்திலிருந்த ஈ. கோலியிலும் காணப்பட்டது. அதற்கு என்.டி.எம்-1 எனப் பெயரிட்டனர். அப்பெயரில் தில்லி இடம்பெற்றது பற்றி 2010-இல் நம் நாட்டில் பெரும் விவாதம் எழுந்தது. ஆனால் நாம் கவலைப்பட வேண்டியது பெயரைப் பற்றியன்று. 2011-இல் வெளியான ஆய்வொன்றில், தில்லித் தெருக்களில் தேங்கிய கசிவுநீர் மாதிரிகள் 171-இல் 51-இலும், குழாய்நீர் மாதிரிகள் 50-இல் 2-இலும் அந்த ஜீன் இருந்தது. நோயாளியின் உடலிற் கண்ட ஜீன் தெருவிலும் இருந்தது என்பதே இதன் பொருள்.

சட்டம் தன் பங்கைச் செய்துள்ளது. உயர்தர ஆன்டிபயாடிக் மருந்துகள் பலவற்றின் விற்பனையைத் தனிப் பதிவேட்டில் குறிக்கவேண்டுமென்ற விதி 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ளது. உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்குக் கோலிஸ்டின் கொடுப்பது 2019-இல் தடை செய்யப்பட்டது. இவை தேவையே. எனினும் தடையால் மட்டும் தீர்வு கிட்டாது. பாக்டீரியாவால் நிமோனியா கண்ட கிராமத்துக் குழந்தைக்கு மருந்து கிடைக்காமற் செய்வது சிக்கனமாகாது, அது கொடுமையாகும். மருந்தின் தேவையையே குறைப்பதுதான் நேரான வழி. தூய குடிநீர், கழிப்பிடம், கை கழுவுதல், தடுப்பூசி ஆகியவை தடுக்கும் ஒவ்வொரு நோயும் ஒரு வேளை மருந்தை மிச்சப்படுத்துகிறது. ஜீன்கள் பரவும் பாதையையும் அடைக்கிறது.

ஆகவே இது கள ஊழியரின் பணியே. கிணற்றைச் சுற்றித் தேங்கும் நீரை வடியச் செய்பவரும், கோழிப் பண்ணையில் மருந்தின் அளவைக் கேட்டறிபவரும் இப்போரில் பங்கு கொண்டவர்களே. ஆசிரியர்கள் வகுப்பில் இரண்டு செய்திகளைத் தெளிவாக்கலாம். மருந்துக்குப் பழகுவது நம் உடலன்று, கிருமியே என்பது ஒன்று. வைரஸால் வரும் சளிக்கும் காய்ச்சலுக்கும் ஆன்டிபயாடிக் பயன்படாது என்பது மற்றொன்று. மருத்துவர் குறித்த அளவில், குறித்த நாட்களுக்கு உண்பதும், மிஞ்சியதைப் பிறருக்குக் கொடாதிருப்பதும் இவற்றைப் புரிந்துகொண்ட வீட்டில் தாமே வழக்கமாகும்.

புதிய மருந்துகள் அரிதாகவே கிடைக்கின்றன. இருப்பவற்றைக் காக்கும் பொறுப்பை மருத்துவமனையிடம் மட்டும் ஒப்படைத்துவிட்டு நாம் ஒதுங்கியிருத்தல் தகாது.