அளவெடுத்துத் தைத்த பயணம்

'உங்களுக்கென்றே வடிவமைத்த பயணம்' என்கிறார்கள் பயண ஆலோசகர்கள். நான் கேட்டது ஒன்றுதான்: பிராகில் காஃப்காவின் கல்லறை. கட்டணம் வாங்கிக்கொண்டு அனுப்பிய திட்டத்தில் கோட்டை, சார்லஸ் பாலம், படகுச் சவாரி. எல்லோருக்கும் தைத்த அதே சட்டை. தங்கச் சந்தில் 1916-17இல் காஃப்கா எழுதிய 22ஆம் எண் வீட்டுக்குப் பத்து நிமிடம். கல்லறைக்குச் சனிக்கிழமை! யூதர்களின் இடுகாடு அது. சனிக்கிழமை ஓய்வுநாள், கதவு பூட்டியிருக்கும். இதுகூடத் தெரியாதவர் என்ன ஆலோசகர்?

விசாவுக்கும் விமானச்சீட்டுக்கும் அவர் உதவட்டும், மறுப்பில்லை. எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்பதையும் அவரிடமே ஒப்படைத்துவிட்டால் பயணம் போவது யார்?

ஞாயிறன்று படகைத் துறந்து, ஜெலிவ்ஸ்கேஹோ மெட்ரோ நிலையத்தில் இறங்கினேன். இடுகாடு அருகிலேயே இருந்தது. ஒரே கல்லில் காஃப்காவும், அவர் அஞ்சிய அப்பாவும், அம்மாவும்.