கண்ணகி வழக்குரைத்த ஊரில் வாய்பேசாத் தலைவியர்

மதுரைக்கு மேற்கே, தேனிச் சாலையில், படுத்த பாம்பெனக் கிடக்கும் மலையின் அடியில் இருப்பது நாகமலைப் புதுக்கோட்டை. மாலை ஐந்து மணியளவில் அவ்வூர்ப் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர் ஒன்றை எளிதில் காணலாம். காமராசர் பல்கலைக்கழகத்திலிருந்தும் சுற்றியுள்ள கல்லூரி, பள்ளிகளிலிருந்தும் திரும்பும் இளையோர் கூட்டம் கூட்டமாக நின்று பேசுவர். அப்பேச்சிற் பாதி திரைப்படக் காதலைப் பற்றியதே. எந்த நடிகனுக்கு எந்த நடிகை பொருத்தமான இணை, எந்தப் படத்தின் முடிவு நெஞ்சைப் பிளந்தது, எந்தப் படம் வேற்றுமொழியிற் சென்று கெட்டது என்னும் ஆராய்ச்சி நெடுநேரம் நடக்கும். அவ்வாராய்ச்சியில் ஒரு வினா மட்டும் எழுவதில்லை. அக்கதையில் வந்த பெண் என்ன ஆனாள் என்பதே அவ்வினா.

இது சிறு வினாவன்று. மதுரையையே நிலைக்களமாகக் கொண்டு வந்து, மதுரை மக்களாலேயே கொண்டாடப்பெற்ற இரு படங்களை எடுத்துக் கொண்டால் இதன் அளவு விளங்கும்.

முதலாவது, பாலாசி சக்திவேல் இயக்கி 2004-இல் வெளிவந்த 'காதல்'. இருசக்கர வண்டிகளைச் செப்பனிடும் ஏழை இளைஞன் முருகன். செல்வமும் சாதிச் செருக்கும் மிக்க குடும்பத்துப் பள்ளி மாணவி ஐசுவரியா. இருவரும் காதலித்துச் சென்னைக்கு ஓடி மணந்து கொள்கின்றனர். பெண்ணின் உறவினர் நயமாகப் பேசி இருவரையும் மதுரைக்கு அழைத்து வருகின்றனர். வந்தபின் முருகனை அடித்து நொறுக்குகின்றனர். அவன் உயிரைக் காப்பதற்காக அப்பெண் தாலியை அகற்றி, வேறொருவனை மணக்க இசைகிறாள். சில ஆண்டுகள் கழிந்தபின், கணவனோடும் குழந்தையோடும் செல்லும் அவள், சாலையில் பித்தனாய்த் திரியும் முருகனைக் காண்கிறாள். அவள் கணவன் அவனை மருத்துவத்திற்குச் சேர்த்து ஆதரிக்கிறான்.

படம் பார்த்தோர் அழுதனர். அவ்வழுகையிற் பொய்யில்லை. ஆயினும் யாருக்காக அழுதனர்? முருகனுக்காக அழுதனர், அடுத்து, பெருந்தன்மையுள்ள கணவனை வியந்தனர். இரண்டு ஆடவர்க்கும் கண்ணீரும் புகழும் பங்கிடப்பட்டபின் அவளுக்கென எஞ்சியது ஒன்றுமில்லை. அவள் பள்ளியிற் படித்துக் கொண்டிருந்தவள். அப்படிப்பு என்னவாயிற்று? காதலித்த ஆடவனும் அதை எண்ணவில்லை. அடித்துப் பிரித்த தந்தையும் எண்ணவில்லை. கொட்டகையில் இருந்து கண்ணீர் வடித்தவரும் எண்ணவில்லை. காதலனுக்காகத் தாலியை இழந்ததும், அவன் உயிருக்காக விருப்பமில்லா மணத்திற்குக் கழுத்தை நீட்டியதும், அத்தனையையும் நெஞ்சிற் புதைத்துக் கொண்டு பிள்ளை பெற்று வாழ்ந்ததும் அவளே. முருகன் பித்தனானான், பித்தாகவும் உரிமையின்றி அடுக்களையில் நின்றவள் அவள். ஆயினும் துன்பக் கதையின் தலைமை அவனுக்கே உரியதாயிற்று.

இரண்டாவது, சசிகுமார் இயக்கி 2008-இல் வந்த 'சுப்பிரமணியபுரம்'. 1980-ஆம் ஆண்டின் மதுரையைக் கண்முன் நிறுத்திய படம் என்று அறிஞரும் பாராட்டினர். அதில் வரும் துளசி, தன் குடும்பத்தார் ஆட்டுவிக்க, தன்னை நம்பிய அழகரைத் தனியிடத்திற்கு அழைக்கிறாள். அங்கே அவன் கொல்லப்படுகிறான். படம் முடிந்து வெளியே வந்த இளைஞர் பலர் வாயில் வந்த சொல் 'பெண்ணை நம்பாதே' என்பதே. கொலைக்குத் திட்டமிட்டவன் அவள் சிற்றப்பன். வெட்டியவர் அவன் ஆட்கள். இரண்டகப் பட்டமோ துளசிக்கு. ஒரு வீட்டில், நான்கு சுவருக்குள், தன் குடும்பத்து ஆடவர் நெருக்கும்போது ஓர் இளம்பெண் என்ன செய்திருக்க முடியும்? அந்நெருக்கடியில் அவள் என்ன பேசினாள், எவ்வளவு எதிர்த்தாள், எப்போது உடைந்தாள்? கதையின் உயிர்நிலையே அங்குத்தான் இருக்கிறது. படமோ அக்கதவைத் திறக்கவில்லை. அவளது பார்வைக்கும் சிரிப்புக்கும் ஒரு முழுப் பாட்டு ஒதுக்கப்பட்டது. அவளது மனத்திற்கு ஒரு காட்சியும் ஒதுக்கப்படவில்லை. வீணாக்கப்பட்ட கதைமாந்தர் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

'கதையைக் கதையாகப் பார்த்துவிட்டுப் போகவேண்டியதுதானே. இதில் இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு?' என்று கேட்பாருண்டு. அவர்க்கு விடை அதே தேனிச் சாலையில் இருக்கிறது. நாகமலைப் புதுக்கோட்டையைக் கடந்து மேற்கே சென்றால் வருவது உசிலம்பட்டி. அப்பகுதியைச் சேர்ந்த ஓர் இளம்பெண் வேற்றுச் சாதி இளைஞனை மணந்தாள், 2014-இல் இறந்தாள், அவளுடல் எரியூட்டப்பட்டது. அவள் கணவன் தொடுத்த வழக்கில்தான், 2016-இல், சாதி கடந்து மணந்தோரைக் காக்க மாவட்டந்தோறும் தனிப்பிரிவு அமைக்க வேண்டுமென உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. 'காதல்' வெளிவருவதற்கு முந்தைய ஆண்டில், 2003-இல், திருமுதுகுன்றம் எனும் விருத்தாசலம் அருகே காதலித்து மணந்த இருவர் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டனர். பதினெட்டு ஆண்டுகள் கழிந்து, 2021-இல், கடலூர் நீதிமன்றம் பதின்மூவரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. தண்டனை பெற்றோருள் பெண்ணின் தந்தையும் உடன்பிறந்தானும் இருந்தனர், காவல்துறையினரும் இருந்தனர்.

திரையில் ஆடவன் மட்டுமே துன்புறுகிறான். நிலத்திலோ பெண்ணும் சாகிறாள். பெற்றோர் கையாலேயே சாகிறாள். திரையில் அவளை ஊமையாக்கிப் பார்த்துப் பழகிய கண், தெருவில் அவள் அலறும்போது காது கொடுப்பதில்லை. கதைக்கும் வாழ்க்கைக்கும் உள்ள உறவு இதுதான். படம் கொலை செய்வதில்லை. எவர் துன்பம் எண்ணத்தக்கது, எவர் துன்பம் எண்ணத்தகாதது என்பதை மட்டும் படம் கற்பிக்கிறது. அக்கல்வியே கொடிது.

காதலைத் தமிழரைப் போல் ஆய்ந்து இலக்கணம் வகுத்தவர் உலகில் அரியர். காதலர் வீட்டை விட்டு ஒருங்கே செல்வதற்கு 'உடன்போக்கு' என்று பெயரிட்டு, அதனை அகத்திணையின் ஒரு துறையாகவே வைத்தனர் நம் முன்னோர். இக்காலத்தார் 'ஓடிப்போனாள்' என்று இகழ்வதை அவர் 'உடன் போனாள்' என்றனர். இரு சொற்களுக்குமிடையே எவ்வளவு தொலைவு! ஓடுதல் என்பதில் குற்றமும் அச்சமும் இருக்கின்றன. உடன்போதல் என்பதில் இருவர் இசைவு இருக்கிறது.

அப்பாடல்களில் வீணாக்கப்பட்ட மாந்தர் எவருமிலர். தலைவி பேசுகிறாள்; தோழி பேசுகிறாள்; செவிலியும் நற்றாயும் பேசுகின்றனர்; வழியிற் கண்டோர்க்கும் பேச இடமுண்டு. மகளின் காதலைத் தோழி செவிலிக்கு எடுத்துரைப்பது 'அறத்தொடு நிற்றல்' எனப்பட்டது. காதலை வீட்டாரிடம் சொல்லுதல் அறத்தின் பக்கம் நிற்பதாகும் என்பது அதன் கருத்து. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு முழுவதும் அவ்வொரு துறைக்கே உரியது. கலித்தொகையின் பாலைக்கலியில், மகளைத் தேடிச் செல்லும் செவிலிக்கு எதிர்ப்பட்ட முக்கோற் சான்றோர், அவளைத் தேற்றி, மகள் சென்றது அறநெறியே என்று உணர்த்தித் திரும்பச் செய்கின்றனர். ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய பாலைப் பகுதி, மகளைப் பிரிந்த தாயின் இரக்கத்திற்கு ஒரு பத்தும், உடன்போனவர் மீண்டு வருதலுக்கு 'மறுதரவுப் பத்து' என ஒரு பத்தும் வைத்துள்ளது. போனவர் மீள்வது அங்கே மகிழ்ச்சிக்குரிய செய்தி. 'காதல்' படத்தின் மறுதரவோ வஞ்சகத்தால் விரித்த வலை. ஈராயிரம் ஆண்டில் தமிழகம் ஏறிய படிகளா இவை, இறங்கிய படிகளா?

அக்காலத் தலைவி முழு உரிமை பெற்றிருந்தாள் என்று கூறுதல் பொய்யாகும். இற்செறிப்பு இருந்தது, அலர் இருந்தது, காவல் இருந்தது. தலைமக்களுக்குத் தொல்காப்பியர் கூறும் பத்து ஒப்பினுள் பிறப்பும் குடிமையும் எண்ணப்பட்டன. இவற்றை மறைத்துப் பழம்பெருமை பேசுதல் தமிழுக்குச் செய்யும் தொண்டாகாது. ஆயினும் ஒன்று உறுதி. அத்தனைக் கட்டுக்குள்ளும் அவளுக்கு வாய் இருந்தது. தன் நோயைத் தன் சொல்லாற் கூறினாள். இன்றைய திரைத் தலைவிக்கு விலையுயர்ந்த ஆடை இருக்கிறது, வாயில்லை.

இன்னொரு வேறுபாடும் எண்ணத்தக்கது. அகப்பாட்டின் தலைவனுக்கும் தலைவிக்கும் இயற்பெயர் சுட்டலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. அதனால் அக்காதல் எல்லார்க்கும் உரியதாயிற்று. படிப்பவன் பெயரை விட்டுப் பொருளைப் பற்றினான். இன்றைய சுவைஞனோ பொருளை விட்டுப் பெயரைப் பற்றுகிறான். நடிகனும் நடிகையும் திரையில் இணைந்தால் வெளியிலும் இணைய வேண்டும் என்று விரும்புகிறான். நடிகை வேறொருவரை மணந்தால் தன் வீட்டில் இழவு விழுந்ததுபோல் வருந்துகிறான். கூலிக்கு நடித்த இருவர்தம் மணவாழ்வின்மேல் உள்ள அக்கறையில் நூற்றில் ஒரு பங்கு தன் தங்கையின் விருப்பத்தின்மேல் இருந்தால் நாடு திருந்தியிருக்கும். திரைக் காதலுக்குக் கைதட்டிய அதே கை, வீட்டுப் பெண் காதலித்தால் ஓங்கப்படுகிறதே! அங்கே வெளிப்படுவது காதல்மேற் பற்றன்று; வேடிக்கை மேல் உள்ள பற்றே.

இனி, மீளாக்கம் என்னும் வாணிகத்தைப் பார்ப்போம். 'காதல்' 2007-இல் கன்னடத்திலும், 2008-இல் வங்காளியிலும் மீண்டும் எடுக்கப்பட்டது. 'சுப்பிரமணியபுரம்' 2012-இல் கன்னடத்திற்குச் சென்றது. ஒரு கதை மொழி கடந்து செல்வதிற் குற்றமில்லை. கம்பரும் அதனைச் செய்தவரே. ஆயின் அவர் கதையைத் தமிழ்நிலத்தில் வேரூன்ற வைத்தார். இன்றைய மீளாக்கமோ பெரும்பாலும் நாற்றைப் பிடுங்கி வேரை மண்ணிலேயே விட்டுச் செல்கிறது. அகப்பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்தனர் பண்டையோர். நிலமும் பொழுதும் முதல், அந்நிலத்து உணவும் தொழிலும் மக்களும் கரு, காதலொழுக்கம் உரி. மீளாக்கத்தார் எடுத்துச் செல்வது உரி மட்டுமே. மதுரைத் தெருவும், பட்டறையும், மக்கள் பேச்சும், அவற்றின் அடியில் ஓடும் சாதிச் செருக்கும் பின்தங்கிவிடுகின்றன.

இதற்கு வடபுலத்திலும் சான்றுண்டு. நாகராசு மஞ்சுளே 2016-இல் மராத்தியில் எடுத்த 'சைராட்' சாதிக் கொடுமையைப் பச்சையாகக் காட்டிய படம். அதன் தலைவி ஆர்ச்சி உழுவை ஓட்டுவாள், எதிர்த்துப் பேசுவாள், முடிவுகளைத் தானே எடுப்பாள். மராட்டிய நாடே அப்பெண்ணைக் கொண்டாடியது. வாயுள்ள தலைவியை மக்கள் ஏற்கமாட்டார் என்று சொல்லும் படமுதலாளிகளுக்கு அதுவே தக்க மறுமொழி. அதே கதை 2018-இல் 'தடக்' என்று இந்தியில் எடுக்கப்பட்டபோது, இராசத்தானத்து உதயப்பூருக்குப் பெயர்ந்து, அரண்மனைகளும் ஏரிகளும் மின்னும் அழகுப் படமாயிற்று. சாதி என்னும் முள் மழுங்கிப் போயிற்று. முள்ளை நீக்கிவிட்டால் கதையில் அவ்விருவரை வேட்டையாடுவதற்குக் கரணியமே இல்லை. கரணியமில்லாத சாவு கண்ணீரை வருவிக்கும், அறிவை வருவிக்காது.

எனவே செய்யத்தக்கது யாது? படம் பார்க்காதீர் என்று இளையோர்க்குக் கட்டளையிடுவதாற் பயனில்லை, அவர் பார்ப்பர். எவ்வாறு பார்ப்பது என்று கற்பிக்க வேண்டும். பள்ளியில் அகப்பாட்டை மதிப்பெண்ணுக்காக உருப்போடச் செய்வதை விட்டு, உடன்போக்குப் பாடலொன்றையும் அண்மைத் திரைக்கதை ஒன்றையும் அருகருகே வைத்து மாணவரைப் பேசவிடலாம். அவள் என்ன சொன்னாள், அவள் என்ன இழந்தாள், அவளை எவர் கேட்டார் என மூன்று வினாக்கள் போதும். மாணவர்களே மீதியைக் கண்டுகொள்வர். வயது வந்த இருவர் தம் இசைவால் மணப்பதில் ஊர்க்கூட்டமோ குடும்பமோ தலையிடலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் அளித்த தீர்ப்பும், மேற்கூறிய 2016-ஆம் ஆண்டு ஆணையும் பள்ளி இறுதி வகுப்பிலேயே அவர்க்குத் தெரிவிக்கப்பட வேண்டும். பதினெட்டு அகவைக்கு முன் படிப்பை விட்டு மணத்திற்கு விரைதல், காதலன் அழைத்தாலும் தந்தை வற்புறுத்தினாலும், கேடே என்பதும் உடன் கூறப்பட வேண்டும்.

திரைப்படத்தில் 'ஈரோ' என்றும் 'ஈரோயின்' என்றும் வேற்றுச்சொல் வழங்குவதைக் கண்டு தமிழன்பர் வருந்துகின்றனர். அவ்வருத்தம் தக்கதே. ஆயினும் சொல்லை மட்டும் மாற்றித் 'தலைவி' என்று எழுதிவிட்டால் போதாது. தலைமை இல்லாதவளைத் தலைவி என்றழைப்பது தமிழுக்கும் இழுக்கு.

இதே மதுரையில், கணவனை இழந்த ஒரு பெண், கையிற் சிலம்போடு அரசவையேறி வழக்குரைத்தாள். அவளைத் தடுக்காது அவைக்குள் விட்ட வாயிலோனும், கேட்டுத் தவறுணர்ந்து உயிர்விட்ட மன்னனும் இருந்த ஊர் இது. அவ்வூரின் பெண்ணைத் திரையில் ஊமையாக்கிப் பார்த்து மகிழ்வோர், கண்ணகிக்குச் சிலை எடுப்பதாற் பயனென்ன?