நம் வீட்டுப் பெண் நர்ஸாவது கேவலமா?

சென்ற மாதம் ஜும்ஆ முடிந்ததும் ஜவுளிக் கடைக்காரர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்தார். "ஹஜ்ரத், மருமகளுக்கு இது பிரசவ மாதம். நம்மூர் ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் இல்லை. எங்கே கொண்டு போவது?" என்றார். நியாயமான கவலைதான். ஆனால் இதே மனிதர், பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கிய தன் மகள் நர்சிங் படிக்க ஆசைப்பட்டபோது, "கண்டவனுக்கும் கட்டுப் போடவா வளர்த்தேன்?" என்று ஃபாரத்தைக் கிழித்துப் போட்டவர்!

நம் வீட்டுப் பிரசவத்திற்குப் பெண் வேண்டும். அவள் அடுத்த வீட்டுப் பெண்ணாக இருக்க வேண்டும். இது என்ன நியாயம்?

டாக்டர் சொன்ன ஊசியைப் போடுபவர்தான் நர்ஸ் என்று நினைத்துக் கொண்டிருக்கிறோம். 1965லேயே அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து புதிய பயிற்சி ஒன்றைத் தொடங்கினார்கள். அப்படி உருவானவர்கள்தான் நோயைக் கண்டறிந்து மருந்தும் எழுதித் தரும் 'நர்ஸ் பிராக்டிஷனர்'கள். இன்று அந்நாட்டின் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் அவர்கள் டாக்டரின் மேற்பார்வை இல்லாமலேயே வைத்தியம் பார்க்கலாம்.

நம் நாட்டிலும் 2018ல் மத்திய அரசு பிரசவத்திற்கென்று இந்த முறையை அறிவித்தது. நர்சிங் முடித்தவர்களுக்கு 18 மாதப் பயிற்சி. சுகப்பிரசவத்தை அவர்களே பார்ப்பார்கள். சிக்கல் என்றால்தான் டாக்டர்.

எதிர்ப்பு இல்லாமலில்லை. 2019ல் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், டாக்டரல்லாத சுகாதாரப் பணியாளர்களும் ஓரளவு மருத்துவம் செய்ய வழிவிட்டபோது, இந்திய மருத்துவச் சங்கம் கொதித்தெழுந்தது. அரைகுறைகள் கையில் மருந்துச் சீட்டு ஆபத்துதான், மறுக்கவில்லை. அதற்காக முறையாகப் படித்த நர்ஸையும் அந்தக் கணக்கில் சேர்ப்பதா?

"மார்க்கம் இடம் தருமா?" என்று சிலர் இழுப்பார்கள். அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்கள் சிகிச்சைக்காக ஒப்படைக்கப்பட்டது ருஃபைதா (ரலி) என்ற பெண்மணியிடம்! இதை மேடைகளில் உரக்கச் சொல்லாமல் விட்டதில் எங்களைப் போன்றவர்களுக்கும் பங்குண்டு.

இளைஞர்களே! பிளஸ் டூ முடிவு வந்ததும் உங்கள் மஹல்லாவில் நர்சிங் படிக்க விரும்பும் பிள்ளைகளைக் கணக்கெடுங்கள். வியாபாரிகளே! வலீமா விருந்தில் ஒரு பந்தியைக் குறைத்தால் ஒரு பிள்ளையின் முதல் தவணைக் கட்டணம் தேறும்.

ஜவுளிக் கடைக்காரரின் மகள் வீட்டில் சும்மாதான் இருக்கிறாள். பக்கத்து ஊரில் பெண் டாக்டர் இருக்கும் ஆஸ்பத்திரியைச் சொல்லிவிட்டு, "ஃபாரம் இந்த வருடமும் தருவார்கள் பாய்" என்றும் சொல்லி அனுப்பினேன்.