உயரப் படங்களுக்கு நிறம் தீட்டுவது குறித்து நமது நிலைப்பாடு

கொச்சி மட்டாஞ்சேரியின் தெருக்களைச் சிவப்பும் பச்சையுமாகப் பிரித்த வேலியேற்றப் (கடல் ஏற்றத்தால் வரும் வெள்ளம்) படம் வாட்ஸ்அப்பில் பரவியது உறுப்பினர்களுக்குத் தெரியும். வரைந்தவர்களின் நோக்கத்தை நாம் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்தப் படம் வார்டு சபையில் ஆதாரமாக வைக்கப்படும் என்று தெரிவதால், செயற்குழு பெரும்பான்மை முடிவின்படி இதை வெளியிடுகிறது.

1. உயரம், ஆழம், மழை போன்ற தொடர் அளவுகளுக்கு வானவில் நிறவரிசை வேண்டாம். அதன் மஞ்சள் பட்டை, தரவில் இல்லாத எல்லையைக் கண்ணுக்குக் காட்டும். வெளிச்சம் சீராகக் கூடும் விரிடிஸ் போன்ற வரிசை, படம் வரையும் கியூஜிஐஎஸ் மென்பொருளிலேயே இருக்கிறது. சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவர்களும் அதைப் படிக்கலாம். கறுப்பு வெள்ளை ஜெராக்ஸிலும் அது நிற்கும்.

2. நிலப்பயன்பாட்டுப் படங்களில் வகைக்கொரு நிறம். தரவில்லாத கட்டங்களுக்கு நீலம் கூடாது. காயல் என்று நினைத்துவிடுவார்கள்.

3. வாட்ஸ்அப்பில் பரவிய படத்தின் அடித்தளம் எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடத்திலிருந்து ரேடாரால் எடுத்தது. முழு மீட்டர்களில் பதிவானது. அத்திட்டத்தின் துல்லிய இலக்கே 16 மீட்டர்தான். கூரையும் தென்னந்தலையும் தரையோடு கலந்துதான் அதில் பதிவாகின்றன. கொச்சியில் கடல் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வித்தியாசமோ சுமார் ஒரு மீட்டர். நிறவரிசையின் இரு முனைகளையும் மாவட்டம் முழுவதற்கும், கிழக்கு மலைகள் வரை வைத்தால், செல்லானம் முதல் ஃபோர்ட் கொச்சி வரை ஒரே நிறம். திரையில் தெரியும் சில தெருக்களுக்கு மட்டும் வைத்தால், ஒரு மீட்டர் வித்தியாசம் சிவப்பாகவும் பச்சையாகவும் வெடிக்கிறது. தரவில் ஓர் எண்கூட மாறவில்லை. பிழையின் அளவுக்குள் அடங்கிவிடும் வித்தியாசத்தை வைத்து ஒரு வரிசை வீடுகளை ஆபத்து என்றும், எதிர்வரிசையைப் பத்திரம் என்றும் முத்திரை குத்த யார் அதிகாரம் கொடுத்தது?

சிவப்புக்கு மக்கள் மனதில் ஏற்கெனவே ஒரு பொருள் உண்டு. 24 மணி நேரத்தில் 204.4 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் என்றால் வானிலைத் துறை சிவப்பு எச்சரிக்கை தருகிறது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தைப் பார்த்த கேரளத்தில் அந்த நிறம் வீட்டைவிட்டுக் கிளம்பு என்று சொல்லும். பச்சை அதைவிடக் கொடியது. அடுக்களைக்குள் உப்புத்தண்ணீர் ஏறும் குடும்பம் நிவாரணம் கேட்டுப் போனால், உங்கள் வீடு பச்சையில் இருக்கிறது என்று படத்தை நீட்டுவார்கள். அந்த அநியாயத்துக்கு நாம் உடன்பட மாட்டோம்.

சிவப்பை அடியோடு விலக்கவேண்டும் என்றும், அவசரகாலத்துக்குத் தேவை என்றும் குழுவில் இரு கருத்துகள் எழுந்தன. இயன்றவரை தவிர்ப்பது என்று இப்போதைக்கு உடன்பட்டிருக்கிறோம்.

கோரிக்கைகள்: படத்தைத் திரும்பப் பெறவேண்டும். தரவின் ஆண்டு, பிழை அளவு, நிறவரிசையின் எல்லை மதிப்புகள் மூன்றையும் படத்தின் மேலேயே மலையாளத்திலும் தமிழிலும் அச்சிடவேண்டும். வேலியேற்றத்தின்போது தண்ணீர் எங்கே நின்றது என்பதைக் குடியிருப்போரிடம் கேட்டுச் சரிபார்க்கவேண்டும். அதுவரை இந்தப் படத்தை எந்த முடிவுக்கும் ஆதாரமாக ஏற்க மாட்டோம்.