மாதிரியுருவை வரைவது யார்?

கட்டடம் எழுப்புவோர் முதலில் வரைபடம் கீறுவர். பின்னரே கல் அடுக்குவர். மென்பொருள் துறையிலும் வரைபடம் உண்டு. ஆனால் வேலை தொடங்கியதும் அது மேசை இலாச்சிக்குள் போய்விடும். காலப்போக்கில் வரைபடம் ஒன்று, நிரல் வேறொன்று என்றாகிவிடும்.

2001இல் ஒப்ஜெக்ட் மனேஜ்மன்ட் குரூப் என்ற சர்வதேச அமைப்பு இந்நிலையை மாற்ற முனைந்தது. எந்தத் தரவுகள் வேண்டும், அவற்றிடையே என்ன தொடர்பு, என்ன விதிகள் என்பவற்றை மாதிரியுருவாக வரைந்துவிட்டால், அதிலிருந்தே நிரல் பிறக்க வேண்டும் என்பது அதன் வாதம். இன்று சில மென்பொருள் தளங்கள் நிரலை உருவாக்காமலேயே மாதிரியுருவை நேரடியாக வாசித்து இயங்குகின்றன. அங்கே ஒரு விடயத்தைச் சேர்த்தால் படிவத்தில் அதற்குரிய கட்டம் தானாகத் தோன்றும்.

இதன் பயனை எமது நாடே கண்டது. ஒஸ்லோ பல்கலைக்கழகம் முன்னின்று வளர்த்துவரும் டிஎச்ஐஎஸ்2 என்ற திறந்தமூல சுகாதாரத் தகவல் தளம் பெருமளவுக்கு இம்முறையிலேயே இயங்குகின்றது. 2020இன் தொடக்கத்தில், கோவிட்-19 பரவிய நாடுகளிலிருந்து வருவோரைப் பதிந்து கண்காணிப்பதற்கு இத்தளம் இலங்கையில் விரைவாகத் தகவமைக்கப்பட்டது. மருத்துவத் தகவலியல் கற்ற வைத்தியர்களும் அப்பணியில் இருந்தனர். தொற்றுத் தொடர்புகளை வரைந்துகாட்டும் பகுதி போன்றவற்றுக்கு நிரலாளரின் கை தேவைப்பட்டது உண்மையே. ஆயினும் அடித்தளத்தை முதலிலிருந்து எழுதவேண்டிய தேவை எழவில்லை. அந்த அனுபவம் நோர்வே உட்படப் பிற நாடுகளுக்கும் பயன்பட்டது.

இதில் பெருமைப்படலாம். ஆனால் கவலைப்படவும் இடமுண்டு. மாதிரியுருவில் செய்த ஒரு திருத்தம் எங்கும் பரவுவது போலவே, அதிலுள்ள ஒரு தவறும் எங்கும் பரவும்.

எமது பெயர்களையே எடுத்துக்கொள்வோம். தமிழரில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயரோ அதன் முதலெழுத்தோ முன்னால் நிற்கும். 'குடும்பப் பெயர் கட்டாயம்' என ஒருவர் மாதிரியுருவில் விதித்துவிட்டால், அதனை வாசிக்கும் ஒவ்வொரு படிவமும் தந்தையின் பெயரால் மகனை அழைக்கும். என் தந்தையார் பெயரால் என்னை அழைத்த அலுவலகங்கள் பல. கருமபீடத்தில் இருப்பவரிடம் முறையிட்டுப் பயனில்லை; 'கணினி ஏற்காது' என்பார். அவர் சொல்வது பொய்யல்ல. ஆனால் கணினியா அந்த விதியை எழுதியது?

ஆகவே, மாதிரியுரு என்பது தொழில்நுட்ப ஆவணம் மட்டுமன்று. யாரை எப்படிப் பதிவது என்ற தீர்மானமும் அதுவே. அரச சேவைக்கென ஒரு தளம் தகவமைக்கப்படும்போது, அதன் மாதிரியுருவைச் சிங்களத்திலும் தமிழிலும் எளிய சொற்களில் எழுதி, படிவம் நிரப்பும் கள உத்தியோகத்தரிடமும் பொதுமக்களிடமும் முன்கூட்டியே காட்ட வேண்டும். நிரலை வாசிக்க எங்களில் பலருக்குத் தெரியாது. ஆனால் எங்கள் பெயரை வாசிக்க எல்லோருக்கும் தெரியும்.