களி விருந்துக்கு ஆகாதா?

மாணவர்களே, உறவுகளே, கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன்.

கம்பைநல்லூரில் விருந்தாளி வந்தால் களிச்சட்டியை மறைக்கிறோம். பெங்களூரு போனால் அதையே ‘ராகி முத்தே’ என்று காசு கொடுத்துச் சாப்பிட்டுப் படம் போடுகிறோம்! 2023-ல் நம் மாவட்ட ரேஷனில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தந்தார்கள். அதை மாட்டுக்கு வைத்தவர்களும் உண்டு.

கேட்டால், சர்க்கரை வந்தவர் சாப்பாடாம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து. அரிசியில் 10-ஐ ஒட்டித்தான். வளரும் பிள்ளைக்கல்லவா முதலில் வேண்டும்?

நொய்யை வேகவிட்டு, மாவைக் கொட்டி, கட்டி விழாமல் கிண்ட இன்று வீட்டில் யாருக்குத் தெரியும்? அம்மாவுக்கு மட்டும். அவருக்கும் தோள்வலி. பொங்கலுக்கு வரும்போது பிரியாணி கேட்காதீர்கள். கீரைக் கடைசலை அம்மா பார்த்துக்கொள்ளட்டும். துடுப்பை நீங்கள் பிடியுங்கள், ஆண்பிள்ளைகளும்தான்.