அலுமாரிக்குள் கிடக்கிற பேனை

எங்கட வீடுகளில் நல்ல பேனைக்கு ஒரு தலைவிதி இருக்கிறது. ஏ.எல். பாஸ் பண்ணினதுக்கு வெளிநாட்டு மாமா ஒரு பார்க்கர் கொண்டுவருவார். "பத்திரமா வை" எண்டு சொல்லித் தருவார். ஒருதரம் மை நிரப்பி, கையெழுத்து வைத்துப் பார்த்துவிட்டு, பெட்டியோடு அலுமாரிக்குள் வைத்துவிடுவோம். மைப்பேனையைக் கெடுப்பதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை என்பதுதான் எங்கள் கட்சி.

நிப்பின் நடுவில் மெல்லிய வெட்டொன்று இருக்கும். அதன் அடியில் ஃபீட் என்ற துண்டு. அதில் மயிரிழை போல வாய்க்கால்கள். விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி அது மையை இழுக்கிறது. மை வெளியே வர வர, காற்று உள்ளே போகிறது. இந்தப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தியதற்காகத்தான் 1884 இல் லூயிஸ் வாட்டர்மன் காப்புரிமை பெற்றார். வாய்க்காலில் மை காய்ந்து இறுகினால், என்ன விலைப் பேனை எண்டாலும் எழுதாது.

அதனால் தினமும் எழுதுங்கள். அதுதான் பராமரிப்பில் பாதி. மற்றப் பாதி, மாதத்துக்கு ஒருக்கா பச்சைத் தண்ணியில் கழுவுவது. கொன்வேட்டரால் தண்ணியை இழுத்து இழுத்துத் தள்ள வேண்டும், நிறம் போகும்வரை. சுடுதண்ணி வேண்டாம், ஸ்பிரிட்டும் வேண்டாம். இரண்டும் பிளாஸ்ரிக்கைக் கெடுக்கும். சித்திரம் கீறுகிற இந்தியன் இங்கை உள்ளே விடவே கூடாது. அதிலுள்ள அரக்கு காய்ந்தால் பிறகு தண்ணியில் கரையாது.

இவ்வளவு கரைச்சல் ஏன் எண்டு கேட்கலாம். கலைப்பீடத்தில் மூன்று மணித்தியாலம் கட்டுரை எழுதிப் பாருங்கள். குமிழ்முனைப் பேனையின் மை தடிப்பானது, அழுத்தினால்தான் குண்டு உருளும். மைப்பேனையைத் தாளில் வைத்து இழுத்தால் போதும், விரல் நோகாது. கையெழுத்து அழகாகும் என்பது மட்டும் சும்மா கதை. எங்களுக்கு ஆகவில்லை!

விலை பற்றிய பயமும் கொஞ்சம் மிகைதான். லாமி சஃபாரி 1980 இல் பள்ளிப் பிள்ளைகளுக்காக வந்த பேனை: பிளாஸ்ரிக் உடல், உருக்கு நிப். தங்க நிப் கொஞ்சம் மெதுமையாக இருக்கும், உண்மை. ஆனால் தங்க நிப்பிலும் சரி, நல்ல உருக்கு நிப்பிலும் சரி, தாளில் உரசுவது நுனியில் ஒட்டியிருக்கும் கடின உலோகப் பொட்டுத்தான். தாளில் தங்கம் படுவதே இல்லை. எங்களுக்கு நல்ல பேனை என்றால், கழற்றிக் கழுவக்கூடியது, நிப் போனால் நிப்பை மட்டும் மாற்றக்கூடியது. பகட்டுக்காகப் பொக்கற்றில் குத்திக்கொண்டு திரிபவர்களோடு எங்களுக்கு வழக்கில்லை, அவர்கள் எழுதவும் செய்தால்.

உண்மையான சிக்கல் தாள்தான். 2022 இல் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகளே தள்ளிப்போன நாடு இது. மலிவான கொப்பியில் மை ஊறிப் பின்பக்கம் தெரியும். அதற்கு மெல்லிய நிப் ஓரளவு உதவும்.

வீட்டில் தாத்தாவின் பேனை கிடந்தால் எடுத்துப் பாருங்கள். உள்ளே ரப்பர் பை இருந்தால் அது இறுகியிருக்கும், பையை மட்டும் மாற்றலாம். எழுதவில்லை எண்டு உடனே எறிய வேண்டாம். நிப்பை ஓர் இரவு தண்ணியில் ஊறவிடுங்கள். விடிய அந்தத் தண்ணி நீலமாகியிருந்தால், பழைய மை கரையத் தொடங்கிவிட்டது. தெளியும்வரை தண்ணியை மாற்றிக்கொண்டே இருங்கள்.